இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணிய பால் ஐஸ்

"பால் ஐஸ் மொத்தத்தையும் கொட்டிருங்கப்பா."

அந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. கெட்ட வார்த்தை பேசலாம், அப்பாவே நாள் முழுக்கப் பேசுவார். கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம். சரக்கைக் கொட்டு என்று மட்டும் சொல்லக் கூடாது. ஏழு வயதில் அம்மா அவள் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பாடம். நன்றாகத்தான் ஏறியிருந்தது. பதினைந்து வருஷம் சொல்லாமல்தான் இருந்தாள்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணித் தொட்டிக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு அச்சைத் தூக்கிக்கொண்டிருந்தார். முப்பது குழி வைத்த எவர்சில்வர் அச்சு. அதை வெந்நீர் வாளியில் மூன்று எண்ணும் நேரம் முக்கி, பலகையில் கவிழ்த்து, குச்சிச் சட்டத்தைப் பிடித்து இழுத்தால் முப்பது பால் ஐஸும் ஒரே வரிசையாய் வெளியே வரும். வந்தன. அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"என்னது?"

"கொட்டிருங்கன்னு சொன்னேன்."

அம்மாவின் கை நின்றது. அம்மா மணையில் உட்கார்ந்து ஐஸைக் கவரில் போட்டுச் சூட்டுக்கம்பியில் கவர் வாயை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கவர் கம்பியிலேயே பொசுங்கி நாற்றமடித்தது. வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த மாமா பைப்பை மூடினார். அம்மாவின் தம்பி அவர். வண்டி ஓட்டுவதும் வாயடிப்பதும் அவர் வேலை. அவளுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"டிகிரி காலையிலேயே ஆரம்பிச்சிருச்சு," என்றார்.

கொட்டு என்ற வார்த்தைக்கு ஒரு கதை உண்டு. அவள் கைக்குழந்தையாய் இருந்தபோது அப்பா பெட்டி வண்டியில் ஐஸ் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நடுத்தெருவில் ஒரு சுகாதார ஆபீசர் வண்டியை நிறுத்தி, ஒரு ஐஸை எடுத்து முகர்ந்து, பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். அப்பா கையாலேயே கொட்ட வைத்தார். தெருவே நின்று பார்த்தது. ஆபீசர் போன பிறகு பிள்ளைகள் ஓடிவந்து தரையில் கிடந்ததைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்துச் சப்பினார்கள். அப்பா அதை இன்றைக்கும் சொல்வார். அந்தப் பசங்களில் ஒருத்தன்கூடச் சாகவில்லை என்பதுதான் கதையின் முடிவு. அவருக்குத் தெரிந்த அறிவியலும் அதோடு முடிந்தது.

சனிக்கிழமை மதியம் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வந்தது. நாலு ஐஸ் பெட்டியிலும் சேர்த்து அறுநூறு பால் ஐஸ். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு, இன்று திங்கள் மூன்று மணிக்கு. பெட்டியைத் திறந்தபோது ஒன்றுகூட ஐஸாக இல்லை. கவருக்குள் வெதுவெதுவென்று பால், நடுவில் ஒரு குச்சி.

இப்படி ஆனால் அந்த வீட்டில் செய்வதற்கு ஒரு முறை இருந்தது. திருப்பிப் போடுவது என்று பெயர். அம்மா ஒவ்வொரு கவராய்ப் பிளேடால் கீறி வாளியில் ஊற்றுவாள். குச்சிகளைத் தனியே அலசிக் காயவைப்பாள். அப்பா வாளியில் விரலை விட்டு நக்கிப் பார்த்துச் சர்க்கரை கூட்டுவார். உறைந்ததில் இனிப்பு குறைவாய்த்தான் தெரியும், இளகி உறைந்ததில் இன்னும் குறையும் என்பது அவர் கணக்கு. பிறகு எசென்ஸ். பிறகு மறுபடி அச்சு. ஞாயிறு கரண்ட் வந்த பின்னும் தொட்டி குளிர சாயங்காலமாகிவிட்டது. அதுவரை வாளிகள் தகரக் கூரைக்குக் கீழே நின்றன. கடைசி வாளி திங்கள் காலையில்தான் அச்சுக்குள் போனது. எசென்ஸ் பாட்டிலை அப்பா கவிழ்த்துப் பிடித்ததை அவள் ஞாயிறு சாயங்காலமே பார்த்தாள். வழக்கமாய் மூடியால் அளந்து ஊற்றுகிற மனிதர். வாசனையைத் தாண்டி ஒரு புளிப்பு வந்தது. அவளுக்கு வந்தது என்றால் அவருக்கும் வந்திருக்கும். முப்பது வருஷ மூக்கு அது.

அவள் படித்தது உணவுத் தொழில்நுட்பம். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அவள் பாஸ் பண்ணிய மாசமே அப்பா லைசன்ஸை அவள் பெயருக்கு மாற்றினார். மகள் மேல் பாசம் என்று தெருவே பேசிக்கொண்டது. கவரில் புதிதாய் ஒரு வரி வந்தது: 'பட்டதாரியின் நேரடி மேற்பார்வையில் தயாரான சத்தான பால் ஐஸ்.' அதற்குக் கீழே அவள் பெயர். சத்து என்பது வாளிக்கு இரண்டு கை பால்பவுடர், மீதி சர்க்கரை. அதை அவள் அப்போதே சொன்னாள். பால்பவுடரில் பால் இல்லையா என்று அப்பா கேட்டார்.

"இருபத்துநாலு மணி நேரம் சூட்டுல கிடந்த பாலுப்பா. ஐஸானா கிருமி சாகாது, தூங்கும். பிள்ளைங்க வயித்துக்குள்ள போனதும் எந்திரிக்கும். அது விட்ட விஷம் எந்தக் குளிர்லயும் போகாது."

"நேத்து உன் சரக்கைக் கொட்டினியே, அதுலயும் கிருமியா?"

"அதுவும் இளகினதுதானே. கொட்டிட்டுப் புதுசா போட்டேன்."

"அப்பன் போட்ட தொட்டி, அப்பன் கட்டுற கரண்ட். கொட்டலாம், தப்பில்ல."

அப்பா 'உன் சரக்கு' என்றது சர்க்கரை இல்லாத எலுமிச்சை ஐஸை. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து இடது காலில் இரண்டு விரலை எடுத்த வருஷம் அவள் காலேஜில் சேர்ந்தாள். நாள் முழுக்க ஐஸுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா ஐந்து வருஷமாய் ஒரு ஐஸை வாயில் வைத்ததில்லை. அதற்காகத்தான் சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரையைப் போட்டு இதைப் பழகினாள். பக்கத்துச் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் அறுபது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு அச்சு. இன்று விடியற்காலை போட்டு எடுத்தாயிற்று. முதல் ஐஸை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா சின்னப் பிள்ளை மாதிரி குச்சி தெரியும்வரை உறிஞ்சிவிட்டு, குச்சியை முந்தானையில் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பின்பக்கச் சுவரில் அவளே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள்: 'சர்க்கரை இல்லாத ஐஸ். நாய்க்கு ஒரு நக்குகூடக் கொடுக்கக் கூடாது.' மனுஷனுக்கு மருந்து, நாய்க்கு விஷமா என்று அப்பா அன்றைக்கே சிரித்தார். மனுஷ உடம்பு இதைக் கண்டுகொள்ளாது, நாய் உடம்பு மட்டும் சர்க்கரை என்று ஏமாந்து தன் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் காலி செய்துவிடும் என்று அவள் சொன்னாள். நாய் ஏமாறாதும்மா, மனுஷன்தான் ஏமாறுவான் என்றார் மாமா.

நாய் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது. தொட்டித் தண்ணீர் கசியும் பின்பக்கத்தில் வந்து படுத்து அப்படியே தங்கிவிட்டது. அச்சில் உடைந்த துண்டெல்லாம் அதற்குத்தான். அந்தப் பழைய ஆபீசர் நினைவாக மாமா 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடப் போய் அதுவே பெயராயிற்று. திருப்பிப் போட்ட சரக்கு என்றால் முதல் மூன்று ஐஸ் இன்ஸ்பெக்டருக்கு. அவர் தின்றுவிட்டு, அடுத்த அச்சு உறையும்வரை வாந்தி எடுக்காமல் நின்றால் சரக்கு பாஸ். மாமா விறைப்பாய் நின்று சல்யூட் அடிப்பார். அப்பாவே அப்போது சிரிப்பார். பரீட்சைக்கு அவள் பின்படியில் உட்கார்ந்து படித்த காலத்தில் அந்த நாய்தான் அவள் பாதத்தின் மேல் தலைவைத்துக் கிடக்கும்.

அப்பா கையைத் துடைத்தார். ரொம்ப நிதானமாய்த் துடைத்தார்.

"சரி. நீ படிச்சவ, நான் படிக்காதவன். நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா இன்ஸ்பெக்டர் சொல்லட்டும்."

திருப்பிப் போட்டதில் மூன்று பால் ஐஸைக் கையோடு எடுத்துப் பின்பக்கம் போனார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு மூன்றையும் கடித்துத் தின்று, தரையையும் நக்கிச் சுத்தம் செய்தது. அடுத்த அச்சு உறைந்தது. நாய் நின்றது, கொட்டாவி விட்டது, காதைச் சொறிந்துகொண்டது. மாமா சல்யூட் அடித்தார்.

நாயின் வயிறு வேறு, ஆறு வயசுப் பிள்ளையின் வயிறு வேறு என்று அவள் சொன்னாள். குப்பைமேட்டில் செத்த எலியைத் தின்று செரிக்கிற வயிறு அது என்றாள். மாமா பால் ஐஸை வண்டிப் பெட்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

அவள் உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். கிளார்க் எடுத்தார். இன்றைக்கு வரும் ஐஸை வாங்காதீர்கள், கெட்டுப்போனது என்றாள். முதலாளி யார், நீங்களா உங்கள் அப்பாவா என்று கேட்டார் அவர். லைசன்ஸ் என் பெயரில் என்றாள். அப்படியானால் எழுத்தில் கொண்டுவந்து கொடுங்கள், போனில் சொன்னதை வைத்து அறுநூறு பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான்.

போனை வைத்துவிட்டு வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. அந்த வீட்டில் எந்தக் கதவும் திறந்திருக்காது. யார் எங்கே போனாலும் அம்மாவின் குரல் பின்னாலேயே வரும்: கதவைச் சாத்து, குளிர் போயிடும். ஓடிப்போய்ப் பார்த்தாள். அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் நீட்டிய குச்சியை நாய் நக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் கறை படிந்த குச்சி. தரையில் இன்னும் இரண்டு குச்சிகள் கிடந்தன. நேர் மேலே சுவரில் சிவப்பு எழுத்து.

"அப்பா, அது எலுமிச்சை."

"ஆமா. மூணு அதுல, மூணு இதுல. நியாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல?"

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே குடுத்தீங்க?"

"படிச்சேன். நீ சொல்றது நிசமான்னு பார்க்கணும்ல."

அவள் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள். கையில் அள்ளித் தண்ணீரில் குழைத்து நாயின் ஈறில் தடவினாள். விளையாட்டு என்று நினைத்து அது அவள் கையை நக்கியது. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். எத்தனை கிலோ நாய், எத்தனை ஐஸ், ஒன்றில் எத்தனை கிராம் சைலிட்டால் என்று டாக்டரம்மா கேட்டாள். மூன்று ஐஸ், ஒன்றில் ஆறு கிராம் என்றாள் இவள். உடனே தூக்கி வாருங்கள், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், நேரமில்லை என்றாள் டாக்டரம்மா. தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் நாய் வாந்தி எடுத்தது. கீழே விட்டால் பின்னங்கால்கள் குடிகாரன் கால் மாதிரி தள்ளாடின.

"மாமா, வண்டியை எடுங்க."

மாமா அப்பாவைப் பார்த்தார். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

"சரக்கு ஏத்தியாச்சு," என்றார் அப்பா.

"பத்து நிமிஷம்ப்பா. போய் இறக்கிட்டு வந்துரட்டும்."

"வெயில்ல வண்டி நின்னா பெட்டி சூடாகும், சரக்கு இளகும். அப்புறம் நீயே வந்து இளகின சரக்கு, கொட்டுன்னு சொல்லுவ."

சொல்லிவிட்டு ஏதோ நல்ல பதில் சொன்னதுபோல மாமாவைப் பார்த்தார். மாமாவுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அக்கா புருஷனிடம் அவர் எதுவும் கேட்கவும் இல்லை.

அவள் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைவரை ஓடினாள். இரண்டு ஆட்டோக்காரர்கள் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்கள். மூன்றாவது ஆள் நிறுத்தினான். சீட் நாறிப் போய்விடும், சாக்கு இருந்தால் கொண்டுவா என்றான். சாக்கு எடுக்கத் திரும்பி வந்தாள், ஆட்டோவும் கூடவே வந்தது. வாசலில் இறக்கி வைத்தபோதே நாய் கால்களை உதைத்துக்கொண்டு வலிப்பில் இழுக்க ஆரம்பித்தது. வாயில் நுரை. அவள் விரலால் சர்க்கரையைத் திணித்தாள், பல் கிட்டியிருந்தது. உதைத்த கால்கள் ஒவ்வொன்றாய் நின்றன. ஆட்டோக்காரன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். முதலில் பேசியது அப்பா. குரலை உயர்த்தவில்லை. பெரிய தீர்ப்பைப் படிக்கிறவர் மாதிரி மெதுவாய்த்தான் சொன்னார்.

"பார்த்துக்க. என் சரக்கைத் தின்னான், நின்னான். உன் சரக்கைத் தின்னான், போயிட்டான். இதுக்குத்தான் காலேஜா?"

"நாய்க்கு ஆகாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேன்."

"நாய்க்கே ஆகாததை ஆஸ்பத்திரி நோயாளிக்கு அனுப்புறா. இவ என்னைக் கொட்டச் சொல்றா."

உள்ளே போனார். மாமாவைக் கூப்பிட்டார். எலுமிச்சை ஐஸ் இருந்த பெட்டியை இருவரும் சேர்ந்து தூக்கிவந்து சாக்கடை ஓரம் கவிழ்த்தார்கள். மஞ்சள் ஐஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து, வெந்நீர் ஊற்றியதும் சுருங்கி, குச்சிகள் மட்டும் சாக்கடையில் மிதந்தன. பெட்டியைத் தலைகீழாய்த் தட்டிக் கடைசித் துண்டையும் உதறினார் அப்பா. எப்படிக் கொட்ட வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கை அந்த வேலைக்குத்தான் காத்திருந்ததோ என்று நினைக்கும்படி கொட்டினார்.

அவள் அதையும் தாங்கியிருப்பாள். தாங்க முடியாதது அம்மா.

அம்மா நாயைப் பார்த்தபடியே இடுப்பிலிருந்து அந்தக் குச்சியை எடுத்தாள். அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு விரல் போன காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வாய்க்குள் இரண்டு விரலை விட்டுக் குமட்டினாள். காலையில் தின்ற ஐஸ் எப்போதோ செரித்திருக்கும். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாய் விட்டாள்.

"அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. மனுஷங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. நான் இருபது தடவை தின்னிருக்கேன்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கும் அதைத்தானடி குடுத்த."

அம்மா பின்னாலேயே வர, அவள் வாசலுக்குப் போய், சாக்கடை விளிம்பில் கரையாமல் கிடந்த ஒரு மஞ்சள் ஐஸை எடுத்து, மண்ணைக் கழுவி, எல்லோர் முன்னாலும் நின்று முழுசாய்த் தின்றாள். பல் கூசியது. குச்சியை நக்கினாள்.

"நாடகம்," என்றார் அப்பா.

வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு பால் ஐஸை எடுத்து, கவரைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க."

"என்ன?"

"இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணினதுதானே. தின்னுங்க."

அப்பா ஐஸைப் பார்த்தார். வெயிலில் அதிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் இறங்கியது.

"எனக்குப் பல் கூசும்."

மாமாவிடம் நீட்டினாள். மாமா வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடினார். அந்தத் துணி அவர் தோளிலேயே கிடந்தது. அம்மாவிடம் நீட்ட முடியாது, அது சர்க்கரை. நாலு பேர் நின்ற வாசலில் அந்த ஐஸைத் தின்ன ஆளில்லை. அவள் கையிலேயே அது இளகியது. பாலும் தண்ணீரும் தனித்தனியாய் வழிந்தன.

"மூணு மணிக்கு அறுநூறு பிள்ளைங்க தின்னும்," என்றாள்.

அப்பா போனை எடுத்தார். பள்ளிக்கூடக் கிளார்க்கிடம் பேசினார். இவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் வாசலில் நின்றே பேசினார். வீட்டு நாய் செத்துப்போச்சு சார், பொண்ணு அந்தத் துக்கத்துல ஏதேதோ உளறுது, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, வண்டி ரெண்டரைக்கு வந்துரும். கிளார்க் என்ன சொன்னாரோ, அப்பா சிரித்தார்.

அவள் கையைக் கழுவினாள். நாயைச் சாக்கில் சுற்றி, பின்பக்கம் தண்ணீர் கசிந்து மண் இளகிய இடத்தில் குழி வெட்டிப் புதைத்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை. பிறகு உள்ளே போய், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்த லைசன்ஸைக் கழற்றினாள். அலமாரிக்குப் பின்னால் இருந்த அவள் பை ஏற்கெனவே கட்டியிருந்தது. பையில் துணி இருந்தது, சர்ட்டிபிகேட் இருந்தது. ஐஸ்கட்டி நிரப்பிய பிளாஸ்க் ஒன்று இருந்தது. அதற்குள் பரிசோதனைக்கு நான்கு பால் ஐஸ்கள், கவரோடு. அதற்கும் கீழே இரண்டு கடிதங்கள். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று உணவு ஆபீசுக்கு. இரண்டிலும் கையெழுத்து போட்டாயிற்று, நேற்று சாயங்காலமே. எசென்ஸ் பாட்டில் கவிழ்ந்ததைப் பார்த்த பிறகு எழுதியவை.

அப்பா வாசலை மறிக்கவில்லை. சுவரில் சட்டம் இருந்த இடத்தைப் பார்த்தார். அந்தச் சதுரம் மட்டும் புகை படியாமல் வெள்ளையாய் இருந்தது.

"ஆபீசுக்கா?"

"ஸ்கூலுக்குப் போய்ட்டு அங்க."

"போ. அவன் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா? கவர்ல யார் பேருன்னு கேப்பான். லைசன்ஸ்ல யார் பேருன்னு கேப்பான். என் பேர் எங்கயும் இல்லம்மா. கேஸ்னா உன் மேல. உள்ள போறதுன்னா நீ."

"அதுக்குத்தான் மாத்தினீங்கன்னு தெரியும்ப்பா."

அவர் முகத்தில் முதல்முறையாய் ஏதோ அசைந்தது. அது என்னவென்று நின்று பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

"தெரிஞ்சுமா போற?"

"நேத்தே எழுதிட்டேன். கிழிச்சுப் போட வழி இருக்கான்னு பார்க்கத்தான் காலையில கொட்டச் சொல்லிக் கேட்டேன்."

மாமா வண்டி சீட்டில் சாவி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். டிகிரி என்று கூப்பிட வாயெடுத்தவர், இடையில் நிறுத்திக்கொண்டார். அம்மா மணையில் மறுபடி உட்கார்ந்திருந்தாள். கம்பி சூடேறிக்கொண்டிருந்தது. கையில் அடுத்த கவர். அதில் மகளின் பெயர் இருந்தது. அதை எடுத்து ஐஸை உள்ளே நுழைத்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றாள் தலை நிமிராமல். "குளிர் போயிடும்."

அவள் கதவை நன்றாகத் திறந்து சுவரோடு ஒட்டவைத்துவிட்டு, பிளாஸ்க்கை நேராகப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.